குவிலென்ஸ் படத்தைக் காதால் படிப்பது

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் இரண்டாம் அலகு ஒளியியல். குவிலென்ஸ் ஒன்றின் முன்னால் ஒரு பொருளை வெவ்வேறு தொலைவுகளில் நிறுத்தினால் பிம்பம் எங்கே விழும், நேராக விழுமா தலைகீழாக விழுமா, பெரிதாகுமா சிறிதாகுமா என்பதைக் கதிர்ப் படங்களைக் கொண்டுதான் விளக்க வேண்டியிருக்கிறது. பார்வையுள்ள மாணவர் அப்படி ஒரு படத்தை அரை நிமிடம் பார்த்தால் போதும். பக்கத்துப் பத்தியைப் படிக்காமலே பாதி விளங்கிவிடும். பார்வையற்ற மாணவி அதே பக்கத்தைக் கணினியின் திரைவாசிப்பானில் திறந்தால், அது பத்திகளை வாசிக்கும்; படம் வந்த இடத்தில் ‘படம்’ என்று ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பாடத்தின் உயிர் எங்கே இருந்ததோ அங்கே அவளுக்கு ஒன்றுமில்லை. இத்தனைக்கும் ஒளியியலின் இந்தப் பகுதியில் கண்ணால் மட்டுமே அறியக்கூடியது என்று எதுவும் கிடையாது. ஒரு கோடு எங்கே புறப்படுகிறது, எங்கே விலகுகிறது, இன்னொரு கோட்டை எங்கே சந்திக்கிறது என்கிற வடிவியல்தான் அது. விரலால் தடவியும், ஒழுங்கான சொற்களில் கேட்டும் அதை முழுமையாகக் கற்றுக்கொள்ள முடியும். கருத்து கடினமாக இருந்ததால் அவள் வெளியே நிற்கவில்லை. அது ஒரே ஒரு வடிவத்தில், படமாக மட்டும், அச்சாகியிருந்ததால் வெளியே நிற்கிறாள்.

காங்கேயத்திலிருந்து கரூர் போகும் வழியில் இருக்கும் வெள்ளகோவிலை எடுத்துக்கொள்வோம். விசைத்தறிகள், எண்ணெய் ஆலைகள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சூரியகாந்தி விதை ஏலம், முருங்கைக்காய்ச் சந்தை என்று உழைப்பில் ஓடும் ஊர் அது. இத்தகைய ஊரின் அரசுப் பள்ளியில் நாற்பது பேர் கொண்ட ஓர் அறிவியல் வகுப்பைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் உதட்டசைவும் மறைந்துபோகும். இன்னொரு பிள்ளையின் பெற்றோர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். தெருவில் பேசத் தெரிந்த தமிழ் அவனுக்கு ‘ஒளிவிலகல் எண்’ வரை எட்டாது. வேறொருத்திக்குத் தமிழும் தெரியும், கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பின்னமே இன்னும் பிடிபடவில்லை, அதனால் அடர்த்திக் கணக்கு அவளைத் தாண்டிப் போகிறது. எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் படிப்பதைக் கடினமாக்கும் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையும் இருக்கக்கூடும். இவர்களை நாம் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம். உண்மையில் இவர்களுக்குள் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பாடம் எந்த வடிவத்தில் வருகிறதோ, அந்த வடிவம் இவர்களுக்கு உகந்ததாக இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பள்ளிக்குள் கொண்டுவருவதற்கு ஒரு வலுவான காரணம் உண்டென்றால் அது இதுதான் என்று கருதுகிறேன். படத்தைச் சொல்லாக, பேச்சை எழுத்தாக, ஒரு மொழியை இன்னொரு மொழியாக, கடினமான பத்தியை எளிய பத்தியாக மாற்றுவதுதான் இந்தத் தொழில்நுட்பம் இதுவரை உருப்படியாகச் செய்திருக்கும் வேலை. அந்த வேலை யாருக்கு மிக அதிகம் தேவையோ அவர்களிடமிருந்து தொடங்காமல், ஏற்கெனவே முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தனிப்பயிற்சியாக அதைக் கொடுத்தால், இருக்கும் இடைவெளிதான் பெருகும்.

வடிவத்தை மாற்றி அறிவியலைப் பரவலாக்குவது கொங்கு மண்ணுக்குப் புதிதில்லை. திருப்பூரில் 1903இல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக 1946 முதல் 1949 வரை இருந்தபோது, உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்று மொழியாக்குவதில் முனைந்து நின்றார். அறிவியலைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் தரம் போய்விடும், சொற்களே கிடையாது என்று படித்தவர்களே வாதாடிய காலம் அது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வழியே அவர் முன்னெடுத்த கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தவர் ஈரோட்டுச் சீமைக்காரரான பெரியசாமித் தூரன். 1954இல் முதல் தொகுதி வந்தது. 1968இல் பத்தாவது தொகுதியோடு பணி முடிந்தது. அதன்பின் குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள். கோவையில் ஜி.ஆர். தாமோதரன் 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘கலைக்கதிர்’ மாத இதழ் அணுவையும் எந்திரத்தையும் நல்ல தமிழில் எழுதிக்காட்டியது. இன்று தமிழில் ஓரளவு பேசத் தெரிந்த கணினி மாதிரிகள் எதைப் படித்துத் தேறுகின்றன என்று கேட்டால், மின்வடிவில் இருக்கும் இதுபோன்ற எழுத்துகளும் பாடநூல்களும் விக்கிப்பீடியாக் கட்டுரைகளும் அவற்றில் அடங்கும் என்று சொல்லலாம். ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு அறிவியல் வராது என்ற முடிவை அந்தத் தலைமுறை ஏற்றுக்கொள்ளவில்லை. பார்வையில்லாத பிள்ளைக்கு அறிவியல் வராது என்ற முடிவை நாம் இன்னும் கிட்டத்தட்ட ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த முடிவு எவ்வளவு பிழையானது என்பதற்கு இரண்டு பேரின் வரலாறு போதும். டி.வி. ராமன் பதினான்கு வயதில் பார்வையை இழந்தவர். மும்பை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வே கணிதச் சமன்பாடுகளைக் கணினி வாய்விட்டுப் படிக்கும் முறையைப் பற்றியது. சமன்பாட்டை இடமிருந்து வலமாக எழுத்து எழுத்தாக ஒப்பித்தால் கேட்பவருக்குத் தலை சுற்றும். எது அடுக்கு, எது பின்னத்தின் மேற்பகுதி என்பதைத் தாளில் இருக்கும் இடம்தான் சொல்கிறது. ராமன் அந்த இடத்தைக் குரலாக மாற்றினார்: அடுக்கு வந்தால் குரலின் சுருதி உயரும், முடிந்ததும் பழைய நிலைக்கு இறங்கும். கண்ணுக்கான குறிப்பைக் காதுக்கான குறிப்பாக ஆக்கலாம் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் நிறுவிவிட்டார். இரண்டாமவர் டெல்லியைச் சேர்ந்த கார்த்திக் சாஹ்னி. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அறிவியல் பிரிவில் சேர அவர் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தோடு மடல் மேல் மடலாகப் போராட வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்து, 2013இல் பன்னிரண்டாம் வகுப்பில் 96 விழுக்காடு வாங்கினார். ஐஐடி நுழைவுத் தேர்வில் வினாவை வாசித்துச் சொல்ல உதவியாளர் மறுக்கப்பட்டதால் அந்தக் கதவு திறக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையோடு அழைத்துக்கொண்டது. பிறகு அவர் தொடங்கிய நிறுவனம், படங்களும் சமன்பாடுகளும் நிறைந்த நூல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவதைப் பணியாகக் கொண்டிருக்கிறது. இவர்கள் அசாதாரணத் திறமைசாலிகள், எல்லாரையும் இவர்களோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பார்வையுள்ள சாதாரண மாணவர் சாதாரண மதிப்பெண்ணோடு அறிவியல் பிரிவில் சேர்கிறார். பார்வையற்றவர் மட்டும் அசாதாரணமாக இருந்தால்தான் உள்ளே வரலாம் என்றால், குறை மாணவரிடம் இல்லை.

இப்போது கணினி என்ன செய்ய முடியும், எங்கே தடுக்கி விழும் என்பதை அந்தக் குவிலென்ஸ் படத்தை வைத்தே பார்ப்போம். படத்தையும் மொழியையும் சேர்த்துக் கற்ற மாதிரிகள் முதலில் படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எண்களின் வரிசையாக மாற்றிக்கொள்கின்றன. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் விளக்கங்களையும் சேர்த்துப் பார்த்த பயிற்சியால், இத்தகைய எண்வரிசைக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வரக்கூடும் என்று நிகழ்தகவின்படி கணித்து எழுதுகின்றன. அலட்சியமாகக் கேட்டால், “ஒரு லென்ஸும் அதன் வழியே செல்லும் ஒளிக்கதிர்களும் உள்ள வரைபடம்” என்று ஒரு வரி வரும். அந்த வரியில் பொய் இல்லை, பாடமும் இல்லை. மாணவிக்குத் தேவைப்படுவது இப்படி இருக்க வேண்டும்: “நடுவில் ஒரு குவிலென்ஸ் செங்குத்தாக நிற்கிறது. அதன் மையத்தின் ஊடாக இடமிருந்து வலமாக ஒரு கிடைக்கோடு போகிறது. அது முதன்மை அச்சு. லென்ஸுக்கு இடப்புறம், குவியத் தொலைவைப் போல் இரண்டு மடங்குக்கும் அப்பால், அச்சின் மேல் ஓர் அம்பு நிமிர்ந்து நிற்கிறது, அது பொருள். அம்பின் நுனியிலிருந்து இரண்டு கதிர்கள் புறப்படுகின்றன. முதல் கதிர் அச்சுக்கு இணையாகப் போய், லென்ஸில் கீழ்நோக்கி விலகி, வலப்புறக் குவியத்தின் வழியாகச் செல்கிறது. இரண்டாவது கதிர் லென்ஸின் மையத்தை விலகாமல் கடந்து நேராகக் கீழிறங்குகிறது. வலப்புறம் குவியத்துக்கும் அதன் இரண்டு மடங்குத் தொலைவுக்கும் இடையே, அச்சுக்குக் கீழே, இரண்டு கதிர்களும் சந்திக்கின்றன. அங்கே சிறிய அம்பு ஒன்று தலைகீழாக இருக்கிறது, அது பிம்பம்.” பார்வையுள்ள பிள்ளைகளுக்கு இதைப் படித்துக்காட்டி, கேட்டபடியே படம் வரையச் சொன்னால், எத்தனை பேர் இதுவரை படத்தைப் புரிந்துகொள்ளாமல் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

தடுக்கும் இடமும் இதே பாடத்தில்தான் இருக்கிறது. பொருளைக் குவியத்துக்கும் லென்ஸுக்கும் இடையே வைத்தால் கதிர்கள் வலப்புறம் சந்திப்பதே இல்லை. பிம்பம் பொருள் இருக்கும் பக்கத்திலேயே, நேராக, பெரிதாகத் தோன்றும். உருப்பெருக்கிக் கண்ணாடி வேலை செய்வது அப்படித்தான். ஆனால் உலகில் உள்ள லென்ஸ் படங்களில் பெரும்பாலானவை தலைகீழ்ப் பிம்பத்தைக் காட்டுபவை. நிகழ்தகவை நம்பி எழுதும் இயந்திரம் இந்த அரிய படத்தையும் வழக்கமான படமாக எண்ணி, “வலப்புறம் தலைகீழ்ப் பிம்பம்” என்று சரளமான தமிழில், சந்தேகத்தின் சாயலே இல்லாமல் எழுதிவிடக் கூடும். பார்வையுள்ளவர் படத்தைப் பார்த்து அந்தப் பிழையைப் பிடித்துவிடுவார். யாருக்காக அந்த விளக்கம் எழுதப்பட்டதோ அவளால் பிடிக்க முடியாது. செயற்கை நுண்ணறிவின் பிழை எல்லார்மேலும் ஒரே கனத்தில் விழுவதில்லை. சரிபார்க்க வழியில்லாதவர்மேல்தான் முழுக் கனத்தோடு விழுகிறது. இதை ஒரு மறுப்பாகச் சொல்கிறவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். இதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் சமச்சீர்ப் பாடநூல் மாநிலம் முழுமைக்கும் ஒன்று. வெள்ளகோவில் பிள்ளை படிக்கும் ஒளியியல் படம்தான் வேதாரண்யம் பிள்ளையும் படிப்பது. எனவே ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு நாளும் தன் கைப்பேசியில் இயந்திரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமே இல்லை. படங்களுக்கான முதல் வரைவை இயந்திரம் எழுதட்டும். பாட ஆசிரியர் ஒருவரும், பார்வையற்ற வாசகர் ஒருவரும் உட்கார்ந்து திருத்தட்டும். திருத்திய வடிவம் பாடநூலின் மின்பதிப்பிலேயே நிரந்தரமாக ஏறட்டும். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் (கியூஆர்) அச்சாகியிருக்கின்றன. அந்தக் கட்டத்துக்குப் பின்னால் காணொலி இருப்பதுபோல் இந்த விளக்கமும் இருக்கலாம். ஒருமுறை செய்த வேலை பாடநூல் மாறும்வரை உதவும்.

சொல்லோடு நின்றுவிடவும் கூடாது. டெல்லி ஐஐடியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் குழுவின் முயற்சியில், அறிவியல் பாடப் படங்களை விரலால் தடவிப் படிக்கும் மேடுற்ற படங்களாக அச்சிடும் பணி பல ஆண்டுகளாக நடக்கிறது. பெங்களூருவில் 2017இல் தொடங்கிய விஷன் எம்பவர் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அறிவியல், கணிதப் பாடப் பொருள்களையும் ஆசிரியர் பயிற்சியையும் கொடுத்துவருகிறது. படத்தில் எந்தக் கோடு முக்கியம், எதை விட்டுவிட்டால் விரல் குழம்பாது என்று தேர்ந்து எளிமையாக்குவதில் இயந்திரம் துணை செய்யும். ஆனால் அச்சு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தறிக்கொட்டாயில் மிஞ்சும் நூலும் ஓர் அட்டையும் கொஞ்சம் பசையும் இருந்தால், வெள்ளகோவில் பள்ளியிலேயே ஒரு கதிர்ப் படத்தைப் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம். மெல்லிய நூல் கதிருக்கு, தடித்த நூல் அச்சுக்கு. காதில் விளக்கம் ஓடும்போது விரல் அந்த நூலின் மேல் நகர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம்.

காது கேளாத பிள்ளைகளின் நிலை வேறு. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வகுப்பறைத் தமிழை ஓரளவு பிடித்துத் திரையில் காட்டும், அது பயன்தான். ஆனால் பிறவியிலேயே கேட்காத பல பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே இரண்டாம் மொழி; சைகை மொழிதான் முதல் மொழி, அதற்கு இலக்கணம் தனி. இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை 2021இல் முடித்தது. என்சிஇஆர்டி பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்ற 2020இல் ஒப்பந்தமும் ஆனது. இயந்திரம் தானே சைகை செய்து காட்டும் முயற்சிகள் இன்னும் முதிரவில்லை. முகபாவமும் கண்ணசைவும் அந்த மொழியின் இலக்கணத்தில் சேர்த்தி என்பதால் வெறும் கையசைவு போதாது. இந்த இடத்தில் பணத்தைச் சைகை மொழி தெரிந்த ஆசிரியருக்குத்தான் செலவிட வேண்டும், மென்பொருளுக்கு வேண்டாம். எங்கே இயந்திரம் உதவாது என்று தெளிவாகச் சொல்வதும் இந்த வாதத்தின் ஒரு பகுதிதான்.

மொழிக்கு வருவோம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு மாதிரி, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் இடையே மாற்றித்தரும். தமிழிலுள்ள ஒரு பத்தியை ஒடியாவில் படித்துப் பொருளை உள்வாங்கிக்கொண்டு, பிறகு தமிழ்க் கலைச்சொல்லுக்குத் திரும்பி வர, ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளைக்கு இது வழி திறக்கிறது. தமிழை ஓரங்கட்டும் ஏற்பாடாக இது ஆகிவிடாதா என்று அஞ்ச வேண்டியதில்லை; பாடம் புரிந்த பிள்ளைதான் அந்தப் பாடத்தின் மொழியையும் கற்றுக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது வேறொன்று. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு. மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘வெள்ளகோவில்’ என்ற ஊர்ப் பெயர் தமிழில் 33 பைட்டு, ஆங்கில எழுத்துகளில் 10 பைட்டு. மொழி மாதிரிகள் சொற்களைத் துண்டாக்கும் முறைகளும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தே அமைந்தவை. அதனால் ஒரே பொருளைத் தமிழில் கேட்க அதிகத் துண்டுகள், அதிகக் கணிப்பு, அதிகக் கட்டணம். பேச்சிலும் இதே அநீதி உண்டு. அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சுணரிகளைச் சோதித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்கள் பிழையாயின. கறுப்பினத்தவர் பேச்சில் 35. பயிற்சிக்குக் கொடுத்த குரல்கள் யாருடையவையோ அவர்களுக்கே கருவி காது கொடுக்கிறது. சென்னைச் செய்தி வாசிப்பாளரின் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த கருவி, “ஏனுங் சார், இது எப்படீங்” என்று இழுத்துக் கேட்கும் பிள்ளையை எப்படிப் புரிந்துகொள்ளும்? மோசில்லாவின் பொதுக்குரல் திட்டத்தில் எவரும் தம் குரலில் தமிழ் வாக்கியங்களைப் பதிவு செய்து கொடுக்கலாம். கொங்குப் பேச்சும், நெல்லைப் பேச்சும், தமிழை இரண்டாம் மொழியாகப் பேசும் பிள்ளைகளின் உச்சரிப்பும் அங்கே போதிய அளவு சேராதவரை, ‘எல்லாருக்குமான’ கருவி என்ற சொல் உண்மையாகாது.

வகுப்பில் பின்தங்கியவர்களைப் பற்றி நம்மிடம் உறுதியான சான்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் டெல்லியில் 619 மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தார்கள்; ஆசிரியரோ ஆறாம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்தியாக வேண்டும். ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து கணக்குக் கொடுத்தது. நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. வழக்கமான வகுப்பில் கொஞ்சமும் முன்னேறாமல் கிடந்த கடைநிலைப் பிள்ளைகளும் அதில் முன்னேறினார்கள். அது இன்றைய உரையாடும் மாதிரி இல்லை, பாடமும் அறிவியல் இல்லை, பயிற்சி பள்ளி நேரத்துக்குப் பிறகு தனி மையத்தில் நடந்தது. இந்த வரம்புகளை மறக்கக் கூடாது. ஆனாலும் நிலை அறிந்து கொடுத்தால் பிள்ளை மேலே வரும் என்பது அதில் ஐயமறத் தெரிகிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் சிறு வகுப்புகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் இதே அறிவின் அடிப்படையில்தான்.

இதற்கு எதிரான சான்றும் உண்டு, அதை ஒளிக்கக் கூடாது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் உரையாடியை வைத்துக்கொண்டவர்கள் பயிற்சிக் கணக்கில் 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியையே தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகச் செய்தார்கள். விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் துணையோடு அமைத்த உரையாடி, பயிற்சியில் 127 விழுக்காடு உயர்வு தந்தது. பின்னர் வைத்த தேர்விலும் அந்தச் சேதம் பெருமளவு ஏற்படவில்லை. பிள்ளை செய்ய வேண்டிய சிந்தனையை இயந்திரம் செய்தால் கேடு. பிள்ளைக்கும் பாடத்துக்கும் நடுவே நிற்கும் தடையை மட்டும் இயந்திரம் எடுத்தால் நன்மை. லென்ஸ் படத்தை விவரிப்பது தடையை எடுப்பது. பிம்பம் எங்கே விழும் என்ற கணக்குக்கு விடை சொல்வது சிந்தனையைப் பறிப்பது. பள்ளியில் எந்தக் கருவியை அனுமதிக்கலாம் என்று தீர்மானிக்க இந்த ஒரு கோடே போதுமானது.

கனமான மறுப்பு இன்னொன்று இருக்கிறது. சாய்தளம் இல்லாத, சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு ஒருவராக அலைகிற, ஆய்வகம் பூட்டிக் கிடக்கிற பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவு எதற்கு, முதலில் அடிப்படையைச் செய்யுங்கள் என்பது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் களத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, ஒருங்கிணைந்த கல்வியை உரிமையாகவே ஆக்கியது. அந்த உரிமைக்கு ஒதுக்க வேண்டிய பணத்தை எடுத்து மென்பொருள் வாங்கினால் அது அநியாயம். ஆனால் படவிளக்கம் எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறப்பாசிரியர் ஒரு நூலின் அத்தனை படங்களுக்கும் தனியாக எழுத மாதக்கணக்காகும்; அதனால்தான் இத்தனை காலமாக அது நடக்கவில்லை. முதல் வரைவு கையில் கிடைத்தால் அவருடைய நேரம் பிள்ளையோடு செலவாகும். ஆய்வகத்துக்கும் இதுவே பொருந்தும். 2022 நவம்பரில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு எளிய பொருள்களைக் கொண்டு செய்முறையைப் பள்ளிக்கே எடுத்துப் போனது. அரசின் மிக நல்ல முயற்சிகளில் ஒன்று என்று அதைச் சொல்வேன். திரையில் ஓடும் செய்முறை அதற்கு ஒருபோதும் ஈடாகாது. பார்வையற்ற பிள்ளைக்கு வெந்நீர்க் குவளையின் சூடும், காந்தம் இழுக்கும் இழுப்பும், மணியோசையின் அதிர்வும்தான் அறிவியலின் முதல் வாசல். தரவுப் பாதுகாப்பில் மட்டும் சமரசமே கூடாது: 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. குறைபாடுள்ள பிள்ளையின் விவரம் ஒருமுறை வெளியே கசிந்தால் வாழ்நாள் முழுக்கத் துரத்தும்.

பாடத்தின் வடிவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உகந்ததா என்ற கேள்வி தொழில்நுட்பக் கல்வியிலும் இப்போதே எழுந்துவிட்டது. அரசுப் பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவையும் எந்திரனியலையும் கற்பிக்கும் ‘டிஎன் ஸ்பார்க்’ பாடத்திட்டம் 2025-26 கல்வியாண்டில் வந்தது. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் கணினி முன் அரசுப் பள்ளிப் பிள்ளை உட்காருவது பெருமைக்குரியது. பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்க உலகெங்கும் பயன்படும் ஸ்கிராட்ச் போன்ற கருவிகளோ, வண்ணக் கட்டங்களைச் சுட்டியால் இழுத்துப் பொருத்தும் வகை. திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பிள்ளை அதில் எதையும் செய்ய முடியாது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் உருவாக்கி 2019இல் அமெரிக்கப் பார்வையற்றோர் அச்சகத்திடம் ஒப்படைத்த ‘கோட் ஜம்பர்’, கையில் பிடிக்கும் உருண்டைகளைக் கம்பியால் இணைத்து ஒலியாக நிரல் எழுத வைக்கிறது. அவ்வளவு செலவும் தேவையில்லை: பைத்தானில் எழுத்தாக நிரல் எழுதினால் திரைவாசிப்பான் வரி வரியாக வாசிக்கும். பாடத்திட்டத்தை வரையும்போதே இரண்டாவது வழியை எழுதி வைத்தால் செலவு சொற்பம். ஐந்தாண்டு கழித்துச் சேர்க்க நினைத்தால் நூல், பயிற்சி, தேர்வு எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும்.

தேர்வுதான் கடைசிப் பூட்டு. பாடத்தை எத்தனை வடிவத்தில் கொடுத்தாலும், வினாத்தாள் ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்று ஒரே வடிவத்தில் கேட்டால், ஆசிரியர் அந்த வடிவத்துக்குத்தான் பிள்ளையைத் தயார் செய்வார். வரைய முடியாத பிள்ளைக்கு ‘இந்தக் கேள்வியை விட்டுவிடு’ என்பார். விலக்கு என்று நாம் கருணையோடு கொடுப்பது, அந்தப் பகுதியை நீ கற்கவே வேண்டாம் என்று சொல்வதாகிவிடுகிறது. செம்பருத்திப் பூவின் பாகங்களைக் கேட்க வேண்டுமென்றால், ஒரு பூவைக் கையில் கொடுத்து, மகரந்தத் தாள் எங்கே, சூலகம் எங்கே, எது எதற்குள் இருக்கிறது என்று தொட்டுச் சொல்லச் சொல்லலாம். அது வரைபடத்தைவிடக் கடினமான தேர்வு. மின்சுற்று கேட்க வேண்டுமென்றால், இணைப்புகளைச் சொல்லால் விவரித்து, எந்த விளக்கு எரியும் என்று கேட்கலாம். இத்தகைய மாற்று வினாக்களின் வரைவைப் பாடவாரியாக உருவாக்கித் தருவதில் மொழி மாதிரிகள் இன்றைக்கே பயன்படும். தேர்ந்த ஆசிரியர் குழு சலித்தெடுத்தால் ஒரு வினா வங்கி ஓராண்டில் ஆகிவிடும். அந்த வினாக்கள் மாதிரி வினாத்தாளிலேயே இடம்பெற்று, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே ஆசிரியர் கைக்கு வந்துவிட வேண்டும். மார்ச்சில் தேர்வறை வாசலில் தனி அனுமதிக் கடிதத்தோடு ஒரு தாய் காத்திருக்கும் நிலை வந்தால், அதற்கு முன் செய்த மாற்றங்கள் எதுவும் அந்தப் பிள்ளையைச் சென்று சேரவில்லை என்று பொருள்.